அதில் யார் வெள்ளைக்காரி?

1998 மார்ச் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு வகுப்பைக் காட்டினார்கள். இடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். வகுப்பு எடுத்தவர் டோனி மாரிசன். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1993இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள் அல்லர். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் புக் கிளப்பில் சொன்னாரே என்று மாரிசனின் ‘பாரடைஸ்’ நாவலை வாங்கிப் படித்தவர்கள். படித்தும் பிடிபடாமல் வந்தவர்கள் அவர்களில் பலர்.

அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஒரு பெண் எழுந்து சொன்னதன் சாரம் இது: இந்த நாவலை நேசிக்க வேண்டும், வாழ்க்கைக்கு இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடுதான் கையில் எடுத்தேன், உள்ளே போகப் போகக் குழப்பம்தான் மிஞ்சியது, புரிந்துகொள்ள இவ்வளவு கஷ்டமான புத்தகத்தால் என்ன பயன் என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஓப்ராவின் நெருங்கிய தோழி கேல் கிங்கும் அந்த அறையில் இருந்தார். அவர் கேள்வி இன்னும் நேரடியானது. முதல் தடவை படிக்கும்போதே இது புரிய வேண்டுமா, இல்லையா?

எழுத்தாளரை எதிரே வைத்துக்கொண்டு அவருடைய நாவல் பிடிபடவில்லை என்று சொல்வது எந்த ஊரிலும் லேசான காரியம் இல்லை. சால்வை போர்த்திப் பழகிய ஊர்களில் இன்னும் கஷ்டம். அந்த வாசகர்களின் துணிச்சலை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஏனென்றால் பிறகு வந்த கட்டுரைகள் சிலவற்றில் அவர்கள் கொஞ்சம் பரிதாபமான பாத்திரங்களாகவே ஆகிவிட்டார்கள். டிவி பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இலக்கியம் எங்கே புரியப்போகிறது என்ற தோரணை.

உண்மையில் அவர்கள் ஏமாந்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. அவற்றில் பாதி அவர்களிடம் இல்லை.

ஓப்ராவின் புக் கிளப் தொடங்கியது 1996 செப்டம்பரில். முதல் தேர்வு ஜாக்குலின் மிட்சர்ட் எழுதிய ‘தி டீப் எண்ட் ஆஃப் தி ஓஷன்’; காணாமல்போன ஒரு குழந்தையின் குடும்பத்தைப் பற்றிய நாவல். இரண்டாவது தேர்வே மாரிசன்தான். 1977இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் சாலமன்’ ஏறக்குறைய இருபது வருடம் கழித்து மறுபடி கடைகளின் முன்வரிசைக்கு வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. நிகழ்ச்சிக்கு ஒரு வடிவமும் அமைந்தது. வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அவற்றிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, எழுத்தாளரோடும் ஓப்ராவோடும் இரவு விருந்துக்கு உட்கார வைப்பார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு நடக்கும். இந்தப் பாத்திரம் என் அம்மா மாதிரி, இந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன், என் கல்யாணத்திலும் இதேதான் நடந்தது என்று பேச்சு புத்தகத்திலிருந்து வாழ்க்கைக்குப் போய்த் திரும்பி வரும்.

இதைக் கேலி செய்வது சுலபம். எலிசபெத் லாங் என்ற சமூகவியலாளர் ஹூஸ்டன் நகரத்துப் பெண்களின் வாசிப்புக் குழுக்களோடு பல வருடம் பழகி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தக் குழுக்களிலும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு ஆட்களைப்போல எடைபோடுவார்கள், அந்தச் சாக்கில் தங்கள் வாழ்க்கையையும் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். நாவல் என்ற வடிவம் பிழைத்திருப்பதே இப்படிப் படிக்கிறவர்களால்தான் என்றுகூடச் சொல்லலாம். ‘சாங் ஆஃப் சாலமன்’ அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்தது. அதில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடலாம்.

‘பாரடைஸ்’ கையைப் பிடிக்க விடாது.

முதல் வாக்கியத்திலேயே ஒரு கொலை விழுகிறது. தாக்க வந்தவர்கள் முதலில் சுடுவது வெள்ளைக்காரப் பெண்ணை என்று அந்த வாக்கியம் அறிவித்துவிடுகிறது. அவர்கள் தாக்கும் பழைய கன்னியர் மடத்தில் இருக்கும் மற்ற பெண்கள் கறுப்பர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் யார் அந்த வெள்ளைக்காரி? முந்நூற்றுச் சொச்சம் பக்கம் போனபிறகும் மாரிசன் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அத்தியாயம். மேவிஸ் கணவனின் காடிலாக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள். அதே காருக்குள் அவளுடைய இரட்டைக் கைக்குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்துப்போயிருந்தன. செனெகாவை ஐந்து வயதில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியே விட்டுவிட்டு அக்கா போய்விட்டாள். அக்கா என்று நினைத்திருந்தவள்தான் அம்மா. பாலஸ் பணக்கார வழக்கறிஞரின் மகள். அவளுடைய காதலனை அம்மாவே எடுத்துக்கொண்டாள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே காயம்பட்டார்கள், எதைக் கண்டு பயந்தார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. நிறம் மட்டும் தெரியாது. துப்புகள் கிடைப்பதுபோல இருக்கும். அடுத்த பக்கத்தில் அவை ஒன்றையொன்று அடித்துவிடும்.

மாரிசன் முன்பே ஒருமுறை இதைச் செய்து பார்த்தவர். 1983இல் வந்த ‘ரெசிடாடிஃப்’ சிறுகதையில் ட்வைலா, ராபர்ட்டா என்று இரண்டு சிறுமிகள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. எவள் எது என்று கதை சொல்லாது. சிறுகதையில் அந்த ஆட்டம் இருபது பக்கத்தில் முடிந்துவிடும். நாவலில் அதே கேள்வியைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் நடக்க வேண்டும்.

வகுப்பிலும் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாரிசன் சொல்ல மறுத்துவிட்டார். வாசகர் அந்த விடையைத் தேடித் தேடி, ஒரு கட்டத்தில் அது முக்கியமே இல்லை என்று உணர வேண்டும் என்பது அவர் வேறு இடங்களிலும் விளக்கிய நோக்கம். பொருள் இதுதான், இது மட்டும்தான் என்று சூத்திரம்போலக் கச்சிதமாக முடிகிற புத்தகத்தை எழுத விரும்பவில்லை என்பதையும் அந்த அறையில் சொன்னார்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் வாசகர் பக்கம் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். முதல் வரியில் ஒரு புதிரைப் போட்டுவிட்டு, அதை விடுவிக்க நினைத்ததே உன் கோளாறு என்று கடைசியில் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? பள்ளிக்கூடத்தில் ‘இதில் தந்திரக் கேள்வி இருக்கிறது’ என்று முன்கூட்டியே எச்சரிக்கும் வாத்தியாரையே நமக்குப் பிடிக்காது. எச்சரிக்காதவரை எப்படிப் பிடிக்கும்?

இது ஒரு சிக்கல்தான். பெரிய சிக்கல் ஊர்ப் பக்கம் இருக்கிறது.

அந்த மடத்திலிருந்து 17 மைல் தள்ளி, ஓக்லஹோமா மாநிலத்தில், ரூபி என்ற ஊர். முழுக்கக் கறுப்பர்கள் வாழும் ஊர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான 158 பேர் தெற்கிலிருந்து கிளம்பி, ஓக்லஹோமாவில் புதிதாகத் திறக்கப்பட்ட நிலங்களை நம்பி நடந்தே வருகிறார்கள். வழியில் ஃபேர்லி என்ற ஊர் அவர்களை உள்ளே விடவில்லை. விடாதவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, வெளிர்நிறக் கறுப்பர்கள். வந்தவர்கள் நிலக்கரிபோலக் கறுத்திருந்ததுதான் குற்றம். அந்த அவமானத்தை மறக்காத குடும்பங்கள் 1890இல் ஹேவன் என்ற ஊரைக் கட்டுகின்றன. அது நொடித்துப்போனதும் அவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடி மூட்டை கட்டி, 1950 வாக்கில் ரூபியை நிறுவுகிறார்கள். ஊர்ப்பெயர் ஒரு பெண்ணுடையது; எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளாததால் செத்துப்போன பெண். இனி வெளியாட்கள் யாரும் வேண்டாம், ரத்தத்தில் வெளிறல் கலக்கவே கூடாது என்பது ரூபியின் எழுதாத சட்டம். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒதுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த ஊர் ஆண்கள் ஒன்பது பேர்தான் 1976 ஜூலையில் ஒரு விடியற்காலை துப்பாக்கியோடு மடத்துக்குள் நுழைகிறவர்கள்.

தமிழில் வாசித்துப் பழகிய ஒருவருக்கு இந்த இடம் அந்நியமாக இருக்காது. யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யார் வீட்டோடு சம்பந்தம் நின்றுபோனது, எந்தக் கிளையில் ‘கலப்பு’ என்று கிசுகிசுக்கும் ஊர் நமக்குத் தெரிந்த ஊர்தான். ஆனால் தெரிந்திருந்தாலும் நினைவில் வைப்பது இன்னொரு விஷயம். ஒன்பது மூலக் குடும்பங்கள், அவற்றின் கிளைகள், ஒரே முகச்சாயலில் இரட்டைச் சகோதரர்கள் டீக்கன், ஸ்டூவர்ட், மூன்று தலைமுறையின் பைபிள் பெயர்கள். காலமும் நேர்கோட்டில் போவதில்லை. 1976இல் தொடங்கி, 1968, 1971 என்று எட்டிப் பார்த்து, 1925இல் பிரேசிலிலிருந்து கன்னியாஸ்திரி ஒருவர் அழைத்துவந்த கொன்சொலாட்டா என்ற சிறுமிவரை போய்வருகிறது. பென்சிலும் தாளும் இல்லாமல் படித்தால் நூறாவது பக்கத்தில் யார் யாருக்கு மாமா என்பது நிச்சயம் குழம்பும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விமர்சகர்களுக்கும் சலிப்பு இருந்தது. நியூயார்க் டைம்ஸில் மிச்சிகோ காகுடானி நாவலைக் கடுமையாகவே சாடினார். கதையில் செயற்கை தெரிகிறது என்பது அவர் குற்றச்சாட்டின் மையம். நோபல் பரிசுக்குப் பிறகு வந்த முதல் நாவல், ‘பிலவட்’, ‘ஜாஸ்’ வரிசையில் மூன்றாவது, டைம் இதழின் அட்டையில் ஆசிரியரின் முகம் என்று எதிர்பார்ப்பு ஏறியிருந்த நேரம். அதனால் விழுந்த அடியின் சத்தமும் பெரிதாகக் கேட்டது. மாரிசன் முதலில் வைக்க நினைத்த தலைப்பு ‘போர்’. படிக்க வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பதிப்பாளர் தரப்பு தயங்கியதால் ‘பாரடைஸ்’, அதாவது ‘சொர்க்கம்’, ஆயிற்று. ‘போர்’ என்று அட்டையில் இருந்திருந்தால் வாழ்க்கைப் பாடம் தேடி வந்த அந்தப் பெண் கொஞ்சம் கவசம் மாட்டிக்கொண்டாவது வந்திருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் நாவலுக்குள்ளேயே ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது என்பதுதான் இந்தக் கதையின் மிக ருசியான பகுதி.

ரூபியின் நடுவில் ஒரு பெரிய பொது அடுப்பு. ஹேவனில் கட்டி, செங்கல் செங்கலாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டியது. அதன் வாயில் இரும்பு எழுத்துகளில் முன்னோர் பதித்த ஒரு வாசகம். அதன் முதல் சொல் எது என்பதில்தான் சண்டை. பெரியவர்கள் அதைக் கடவுளின் கோபத்துக்கு அஞ்சச் சொல்லும் எச்சரிக்கை என்கிறார்கள். இளைஞர்கள் அதை அந்தக் கோபமாகவே நீங்கள் ஆகுங்கள் என்று சொல்லும் கட்டளையாக வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் பின்பாதி இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். சர்ச்சில் கூட்டம் போட்டுத் தர்க்கம் செய்கிறார்கள். எழுதியவர் மனதில் இருந்தது எங்களுக்குத்தான் தெரியும் என்கிறது ஒரு தரப்பு. எழுத்து எங்களுக்கும் சொந்தம் என்கிறது மறுதரப்பு. அந்த ஒரு சொல்லை வேறுமாதிரி வாசிக்கத் துணிகிறவனின் தலையைச் சிதறடித்துவிடுவேன் என்று ஸ்டூவர்ட் மிரட்டுகிற அளவுக்குப் போகிறது. பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடிக்கும் வாசகர்கள் கடைசியில் துப்பாக்கி எடுக்கிறார்கள்.

இன்னொருத்தி பேட்ரிஷியா. ஊர்ப் பள்ளி ஆசிரியை. ரூபிக் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்கிறாள். பிள்ளைகளின் கட்டுரைகள், பைபிளில் குறித்துவைத்த பிறப்பு இறப்புகள், கேட்ட பேச்சு, கேட்டால் மூடிக்கொள்ளும் வாய்கள் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறாள். வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் புனிதக் குடும்பங்களின் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து ஏழாகக் குறைந்திருப்பதை அவள் கவனிக்கிறாள். ஊர் யாரைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறது என்பது அந்தக் குழந்தைகள் நாடகத்தில் தெரிந்துவிடுகிறது. நாவலின் மிக நுட்பமான இடங்களில் ஒன்று இது. எல்லாம் புரிந்தபிறகு பேட்ரிஷியா என்ன செய்கிறாள்? எழுதிய தாள்கள் அத்தனையையும் எரித்துவிடுகிறாள்.

பென்சிலோடு உட்கார்ந்து குடும்ப மரம் வரைந்து, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாளைக் கசக்கிப் போட்ட புக் கிளப் வாசகி யாராவது இருந்திருந்தால், அவர் நாவலுக்கு வெளியே நிற்கவில்லை. அவருக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே விடவில்லை என்று நொந்துகொண்ட வாசகரும் அப்படியே. உள்ளே விடாத ஊர்களைப் பற்றிய நாவல் அது. ஃபேர்லியின் எல்லையில் நின்றவர்களுக்கு இருந்த உணர்ச்சியின் ஒரு சிறு துளி அவர்களுக்கும் வாய்த்தது. மாரிசன் அதைத் தெரிந்தேதான் செய்தாரா என்றால், நிறத்தை மறைத்ததைப் பொறுத்தவரை ஆமாம். பெயர்களின் நெரிசலைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சில பக்கங்களில் அது வெறும் நெரிசல்தான்.

வகுப்புக்குத் திரும்புவோம். இந்தப் புத்தகத்துக்காக ஓப்ரா தன் வழக்கமான விருந்தைக் கைவிட்டார். சாப்பாட்டு மேசை போய்ப் பல்கலைக்கழக வகுப்பறை வந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். வாசகர்கள் திணறுகிறார்கள், எழுதியவரே வந்து கைகொடுக்கட்டும் என்ற நினைப்பு. ஆனால் இடம் மாறியதும் ஆட்களின் தகுதியும் மாறிவிட்டது. விருந்தில் அவர்கள் விருந்தாளிகள், பேச உரிமை உள்ளவர்கள். வகுப்பில் பாடம் புரியாத பிள்ளைகள். எனக்குப் பிடிக்கவில்லை என்ற வாக்கியம் விருந்தில் ஒரு கருத்து. வகுப்பில் அது தோல்வி. இந்தப் புத்தகத்தை மூளையால் மட்டும் படிக்க முடியாது, மனதைத் திறக்க வேண்டும் என்று ஓப்ரா உற்சாகமூட்டினார். அதைக் கேட்டபின் பிடிக்கவில்லை என்று மறுபடி சொல்கிறவரின் மனது மூடியிருக்கிறது என்று ஆகிவிடுமே! நாவலை ஏற்கத் தயங்கியவர்களுக்குக் கௌரவமாக வெளியேற வழி இல்லாமல் போயிற்று. மாரிசனாவது பொருளைத் திறந்து வைத்தார். நிகழ்ச்சி அதை மூடப் பார்த்தது.

வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது என்று ஆட்கள் சொல்வதில்லையா என ஓப்ரா ஒருமுறை மாரிசனிடம் கேட்டதும், அதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று மாரிசன் பதில் சொன்னதும் பிரபலம். அமெரிக்க நூலகச் சுவர்களில் ஒட்டும் அளவுக்கு அழகான பதில். ஆனால் கேல் கிங் கேட்டது அந்தப் பதிலுக்குள் முழுதாக அடங்காது. திரும்பப் படிக்க வேண்டும் என்றால் முதல் வாசிப்பு எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். ‘பிலவட்’ கொடுக்கிறது, அதில் பாதி புரியாதவரையும் அந்த நாவலின் தாய் விடமாட்டாள். ‘பாரடைஸ்’ சிலருக்குக் கொடுக்கிறது. கேலுக்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்டது அடுத்த தடவை இதைத் திறக்க எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள் என்றுதான்.

புக் கிளப் இதனால் கலைந்துவிடவில்லை. 2000 ஏப்ரலில் ஓப்ரா மறுபடி மாரிசனைத் தேர்ந்தெடுத்தார், ‘தி ப்ளூயஸ்ட் ஐ’. 2002 ஏப்ரலில் ‘சூலா’. அத்தோடு மாதாமாதம் புத்தகம் சொல்லும் முதல் கட்டம் நின்றது. மொத்தம் நான்கு மாரிசன் நாவல்கள். நடுவில் 2001இல் ஜோனதன் ஃப்ரான்சன் தன் நாவல் ‘தி கரெக்‌ஷன்ஸ்’ ஓப்ரா முத்திரையோடு வருவது பற்றிச் சங்கடப்பட்டுப் பேசி, அழைப்பை இழந்தார். வாசகர்கள் எழுத்தாளரைக் கண்டு ஏமாந்ததைவிட, எழுத்தாளர் வாசகர்களைக் கண்டு முகம் சுளித்த அந்தக் கதைதான் பத்திரிகைகளுக்கு அதிகத் தீனி போட்டது. 2005 கோடையில் ஓப்ரா ஒரேயடியாக மூன்று ஃபாக்னர் நாவல்களைக் கொடுத்துப் பேராசிரியர்களின் உரைகளையும் இணையத்தில் ஏற்பாடு செய்தார். பிரின்ஸ்டன் வகுப்பின் நீட்சி என்று அதைச் சொல்லலாம்.

மாரிசனுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு ஏமாற்றம் இருந்தது. நாவலின் கடைசிச் சொல் ‘பாரடைஸ்’. அது பெரிய எழுத்தில் தொடங்கி அச்சாகிவிட்டது. சிறிய எழுத்தாக இருந்திருக்க வேண்டும், வானத்தில் இருக்கும் அந்தப் பெரிய சொர்க்கத்தை நான் சொல்லவில்லை என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. இங்கே யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. திருத்தியிருக்கவும் முடியாது.

டெக்சாஸ் மாநிலச் சிறைத்துறைக்கு இந்தக் குழப்பங்கள் எதுவும் இருக்கவில்லை. ‘பாரடைஸ்’ கைதிகளின் கைக்குப் போனால் கலவரம் மூளக்கூடும் என்று முடிவுகட்டிச் சிறைக்குள் தடை செய்தார்கள். அந்தத் தடைக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார் மாரிசன். ஒரு புத்தகத்துக்கு அவ்வளவு பலமா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.